‘சாங்ஷன்’ என்றால் அனுமதியா, தடையா? மொழிபெயர்ப்புக்குப் புதிதாக வருபவர்களுக்கு

பத்திரிகையின் செய்தி டெஸ்க்கில் சேர்ந்து இரண்டாவது வாரம், இரவுப் பணி. செய்தி ஏஜென்சியிலிருந்து வந்த நாலு வரிச் செய்தி ஒன்றைத் தமிழில் போடச் சொன்னார்கள். ஈரான் நாட்டுக் கச்சா எண்ணெயை ஏற்றிச் சென்ற ஒரு கப்பல் நிறுவனத்தை அமெரிக்கா ‘சாங்ஷன்’ செய்திருக்கிறது என்பது செய்தி. நான் யோசிக்கவே இல்லை. ‘ஈரான் எண்ணெயை ஏற்றிச் செல்லக் கப்பல் நிறுவனத்துக்கு அமெரிக்கா அனுமதி’ என்று தலைப்புப் போட்டு, கீழே மூன்று பத்தியும் எழுதி அனுப்பிவிட்டேன். ப்ரூஃப் பார்த்த மூத்த சப் எடிட்டர் சத்தம் போடவில்லை. ‘அனுமதி’யைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் ‘அப்படியே தலைகீழ்’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

அதற்கு முந்தின வாரம்தான் எங்கள் அண்ணனுக்கு வீட்டுக்கடன் சாங்ஷன் ஆகியிருந்தது. வீட்டில் பாயசம் வைத்திருந்தார்கள். சாங்ஷன் என்றால் எனக்குப் பாயசம்தான் நினைவில் இருந்தது. அது அடியாகவும் விழும் என்று தெரிந்திருக்கவில்லை.

வினையாக வரும்போது ஒரு பொருள், பெயராக வரும்போது வேறொரு பொருள் என்று ஆங்கிலத்தில் ஏகப்பட்ட சொற்கள் உண்டு. பெரும்பாலானவை தொந்தரவு தராது. ‘புக்’ என்பது புத்தகம், ‘புக்’ பண்ணுவது என்றால் முன்பதிவு. இரண்டையும் நாம் தினமும் சொல்கிறோம், குழப்பம் வராது. ‘சாங்ஷன்’ அப்படியில்லை. அதன் இரண்டு பொருளும் ஒன்றுக்கொன்று நேரெதிர். தப்பாக எடுத்தாலும் வாக்கியம் இலக்கண சுத்தமாக, அர்த்தமுள்ளதுபோல நிற்கும். அதனால் இந்த ஒரு சொல்லை ஒழுங்காகக் கையாளப் பழகிக்கொண்டால் மற்றவற்றுக்கும் அதே பழக்கம் கைகொடுக்கும். நான் செய்கிற வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் வேலை: தெரிந்த பொருளைச் சந்தேகப்படுவது

தெரியாத சொல் வந்தால் அகராதியைப் புரட்டுவோம். தெரிந்த சொல் வந்தால் புரட்ட மாட்டோம். வழுக்குவது அங்கேதான்.

தமிழ்நாட்டுப் பேச்சில் சாங்ஷன் என்பது முழுக்க முழுக்க நல்ல சேதி. லோன் சாங்ஷன், லீவ் சாங்ஷன், பென்ஷன் சாங்ஷன். மின் இணைப்பு வாங்கும்போது ‘சாங்ஷன்ட் லோட்’ என்றால் உங்கள் வீட்டுக்கு இவ்வளவு கிலோவாட் வரை இழுக்கலாம் என்று மின்வாரியம் ஒப்புக்கொண்ட அளவு. ‘சாங்ஷன்ட் போஸ்ட்’ என்றால் அரசு ஒப்புக்கொண்ட பணியிடம், அதில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும். வெள்ளைக்காரன் காலத்து அலுவலக ஆங்கிலத்திலிருந்து கோப்புக்கு வந்து, கோப்பிலிருந்து வாய்க்கு வந்த சொல் இது. வரும்போது ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டது.

ஆங்கிலத்துக்குள் அதன் கதை வேறு. லத்தீன் மூலத்தில் புனிதமாக்குதல், மீறக் கூடாததாக நிலைநிறுத்துதல் என்று பொருள். ‘செயின்ட்’, ‘சாங்சுவரி’ எல்லாம் அதே குடும்பம். ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது சட்டம், ஆணை என்ற பொருளில்தான் நுழைந்தது. ஐரோப்பிய வரலாற்றில் 1713இல் ஆறாம் சார்லஸ் பேரரசர் பிறப்பித்த ‘ப்ராக்மேட்டிக் சாங்ஷன்’ என்று ஒன்று வரும். தனக்கு ஆண் வாரிசு இல்லாவிட்டாலும் தன் ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் நிலங்கள் பிரியாமல் மகளுக்குப் போகட்டும் என்ற ஆணை அது. அங்கே அனுமதியும் இல்லை, தடையும் இல்லை, வெறும் அரசாணை.

ஆணை என்று ஒன்று இருந்தால் அதற்கு இரண்டு கை உண்டு. ‘இது செல்லும்’ என்று ஒப்புக்கொள்கிற கை ஒன்று, ‘மீறினால் இது கிடைக்கும்’ என்று அடிக்கிற கை இன்னொன்று. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வினைச்சொல்லாக மாறியபோது அது முதல் கையைப் பிடித்துக்கொண்டது: ஒப்புக்கொள், அங்கீகரி. பெயர்ச்சொல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டது. முதல் உலகப் போருக்குப் பிறகு, ஐ.நா.வுக்கு முன்னோடியான நாடுகளின் சங்கம் பிறந்து, விதியை மீறும் நாட்டோடு வணிகத்தை நிறுத்துவது என்ற ஏற்பாடு வந்ததும், பன்மையில் வரும் ‘சாங்ஷன்ஸ்’ பொருளாதாரத் தடைக்குப் பெயராகிவிட்டது. 1935இல் எத்தியோப்பியா மீது படையெடுத்த இத்தாலிக்கு விதித்தார்கள். ‘தடை விதி’ என்ற பொருளில் வினையாக வருவது எல்லாவற்றுக்கும் பிந்தியது, 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு. இப்போது செய்தி ஆங்கிலத்தில் அதுதான் அதிகம் கண்ணில் படுகிறது.

நம் ‘விதி’யையே பாருங்கள். பெயராக வந்தால் சட்டம், இல்லாவிட்டால் தலையெழுத்து. வினையாக வந்தால் அபராதம் விதிப்பது, வரி விதிப்பது. நமக்கு அது விசித்திரமாகவே படுவதில்லை. ஆங்கிலேயருக்கு சாங்ஷனும் அப்படித்தான்.

அடுத்து: பெயரா, வினையா?

பத்தியில் இது சுலபம். தலைப்பில்தான் கஷ்டம். காரணம் ‘ஸ்’ என்ற ஒற்றை ஒலி. அது பெயரோடு ஒட்டினால் பன்மை, வினையோடு ஒட்டினால் ‘அவர் செய்கிறார்’. ஆங்கிலத் தலைப்பில் துணைச் சொற்களையும் கழித்துவிடுவார்கள். இந்த இரண்டையும் பாருங்கள்:

‘யு.எஸ். சாங்ஷன்ஸ் ரஷ்யன் பேங்க்ஸ்.’

‘யு.எஸ். சாங்ஷன்ஸ் ஹர்ட் ரஷ்யன் பேங்க்ஸ்.’

முதலாவதில் வேறு வினையே இல்லை. ஆகவே சாங்ஷன்ஸ்தான் வினை: ரஷ்ய வங்கிகள் மீது அமெரிக்கா தடை விதிக்கிறது. இரண்டாவதில் ‘ஹர்ட்’ என்ற வினை தனியாக இருக்கிறது. ஆகவே சாங்ஷன்ஸ் பெயர்: அமெரிக்காவின் தடைகளால் ரஷ்ய வங்கிகளுக்கு அடி. முதலாவது இன்று நடந்த செயல், இரண்டாவது எப்போதோ போட்ட தடையின் விளைவு. இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் ‘புதிய தடை’ என்று எழுதி மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

செய்ய வேண்டியது இதுதான். தலைப்பில் வேறு வினை இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் சாங்ஷன்ஸ் பெயர். இல்லாவிட்டால் பெரும்பாலும் அதுவே வினை. ஐந்து நொடி வேலை.

ஆனால் வினை என்று கண்டுபிடித்ததோடு முடிந்துவிடாது. ‘சென்டர் சாங்ஷன்ஸ் நியூ பிரிட்ஜ்’ என்றாலும் வினைதான். ஒன்றிய அரசு பாலத்தின் மீது பொருளாதாரத் தடை விதித்தது என்று யாரும் எழுத மாட்டார்கள். ஏன் எழுத மாட்டோம் என்று யோசித்தால் அடுத்த படி தானாகக் கிடைக்கும்.

வினை, இனம், சார்பு

ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருந்தால் எதை எடுப்பது என்ற கேள்விக்குத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் மூன்று சொல்லில் பதில் வைத்திருக்கிறார்: வினை, இனம், சார்பு. உரையாசிரியர்கள் ‘மா’ என்ற சொல்லை வைத்து விளக்குவார்கள். மா என்றால் மாமரம், குதிரையும் கூட. ‘மா பூத்தது’ என்றால் வினையே காட்டிக்கொடுக்கிறது, குதிரை பூக்காது. ‘மாவும் மருதும் ஓங்கின’ என்றால் பக்கத்தில் நிற்கும் மருதமரம் காட்டிக்கொடுக்கிறது, அது இனம். கவசம் போட்டு நிற்பவன் ‘மா கொண்டு வா’ என்றால் அவன் நிற்கும் கோலம் காட்டிக்கொடுக்கிறது, அது சார்பு. பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடம் செய்துவிட்டு மறந்தவன் நான். டெஸ்க்கில்தான் இது வேலைக்கு ஆகும் கருவி என்று புரிந்தது.

சாங்ஷனுக்கு இதைப் பொருத்துங்கள்.

வினை. சாங்ஷன் பெயராக வந்தால் கூட வரும் வினையைப் பாருங்கள். ‘கிராண்ட்’ (கொடு), ‘அக்கார்ட்’ (அளி), ‘அப்டெய்ன்’ (பெறு) வந்தால் பெரும்பாலும் அனுமதி. ‘இம்போஸ்’ (விதி), ‘லிஃப்ட்’ (நீக்கு), ‘ஈஸ்’ (தளர்த்து), ‘டைட்டன்’ (இறுக்கு), ‘இவேட்’ (ஏய்த்துத் தப்பு) வந்தால் தடை. அனுமதியை யாரும் இறுக்க மாட்டார்கள், தடையை யாரும் தனக்கே கேட்டு வாங்க மாட்டார்கள். ஒருமை பன்மையும் உதவும். ஒருமையில் வந்தால் பெரும்பாலும் அனுமதி, பன்மையில் வந்தால் பெரும்பாலும் தடை.

‘பெரும்பாலும்’ என்று சொல்வதற்குக் காரணம் சட்டப் படிப்பு. ஜான் ஆஸ்டின் என்ற ஆங்கிலேயச் சட்ட அறிஞர் 1832இல் சட்டத்துக்குக் கொடுத்த விளக்கம் இன்றும் சட்டக் கல்லூரிப் பாடத்தில் உண்டு. இறைமை உள்ளவர் இடும் கட்டளை, மீறினால் தண்டனை என்ற அச்சம் அதன் பின்னால் நிற்பது. அந்தத் தண்டனையை அவர் சொல்வது சாங்ஷன் என்றுதான், ஒருமையில். சட்ட நூலை மொழிபெயர்க்கிறவர் அங்கே ‘அனுமதி’ என்று போட்டால் பாடமே கவிழ்ந்துவிடும்.

இனம். பக்கத்தில் நிற்கும் பெயர்களைப் பாருங்கள். லோன், ஸ்கீம், எஸ்டிமேட், போஸ்ட், லீவ் என்று நின்றால் ஒப்புதல் பக்கம். எம்பார்கோ (வணிகத் தடை), டாரிஃப் (சுங்க வரி), அசெட் ஃப்ரீஸ் (சொத்து முடக்கம்), ட்ராவல் பான் (பயணத் தடை) என்று நின்றால் தடைப் பக்கம். வினையாக வரும்போது இதைவிடச் சுருக்கமான சோதனை ஒன்று உண்டு: செயப்படுபொருள் ஆளா, காரியமா? கடன், பாலம், விடுப்பு போன்ற காரியங்களைச் சாங்ஷன் செய்தால் ஒப்புதல். ஆளையோ நிறுவனத்தையோ நாட்டையோ கப்பலையோ சாங்ஷன் செய்தால் அடி. என் இரண்டாவது வாரத் தப்பை இந்த ஒரு கேள்வி பிடித்திருக்கும்.

சார்பு. யார் சொல்கிறார், எங்கே சொல்கிறார். அமெரிக்கக் கருவூலத் துறையின் வெளிநாட்டுச் சொத்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் வாய் திறந்தால் அது தடைதான், அந்த அலுவலகத்தின் வேலையே அது. ஊராட்சி ஒன்றிய அலுவலகம் வாய் திறந்தால் ஒப்புதல்தான். இடம் மாறினாலும் பொருள் மாறும். அமெரிக்க நீதிமன்றச் செய்தியில் நீதிபதி ஒரு வழக்கறிஞரைச் சாங்ஷன் செய்தார் என்று வரும். 2023இல் நியூயார்க்கில் சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிக் கொடுத்த தீர்ப்புகளை மனுவில் மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தார்களே, அதைப் பல ஆங்கிலச் செய்திகள் ‘சாங்ஷன்ட்’ என்றே எழுதின. அங்கே பொருளாதாரத் தடையும் இல்லை, அனுமதியும் இல்லை. அபராதம்.

விளையாட்டுப் பக்கம் இன்னும் மோசம். ‘ஐசிசி சாங்ஷன்ட் டோர்னமென்ட்’ என்றால் ஐசிசி அங்கீகரித்த போட்டி. நடுவரோடு வாக்குவாதம் செய்த வீரரை ஐசிசி ‘சாங்ஷன்’ செய்தது என்றால் ஒழுங்கு நடவடிக்கை. அமைப்பு அதேதான், சொல்லும் அதேதான், பக்கமும் அதேதான். போட்டியா ஆளா என்ற கேள்விதான் காப்பாற்றும்.

‘சாங்ஷன்ட்’ என்று அடைமொழியாக வந்தால்

இதற்குத் தனியாக ஒரு குறிப்பு வேண்டும். ‘சாங்ஷன்ட் வெசல்’ தடைக்குள்ளான கப்பல். ‘சாங்ஷன்ட் பிளான்’ ஒப்புதல் பெற்ற வரைபடம். ‘ஸ்டேட்-சாங்ஷன்ட் வயலன்ஸ்’ என்று வந்தால் அரசு தடைசெய்த வன்முறை என்று எழுதிவிடாதீர்கள். அரசே கண்ணைக் காட்டிவிட்டு நடக்கும் வன்முறை அது. ‘அரசின் ஆசியோடு நடக்கும் வன்முறை’ என்று எழுதினால் சூடு குறையாமல் வரும். முன்னால் ‘அன்’ ஒட்டி ‘அன்சாங்ஷன்ட்’ என்று வந்தால் அனுமதி பெறாதது என்று பொருள்.

தமிழ்ச் சொல்லைத் தேர்ந்தெடுப்பது

பொருள் தெளிந்துவிட்டது. இப்போது எழுத வேண்டும். பாதி வேலை இன்னும் மிச்சம். ‘சாங்ஷனுக்குத் தமிழ் என்ன?’ என்று கேட்டுக்கொண்டு ஒரே சொல்லைத் தேடாதீர்கள். அப்படி ஒன்று கிடையாது, தேவையும் இல்லை.

ஒப்புதல் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். அரசுக் கோப்பில் பணம் சம்பந்தமான சாங்ஷனுக்கு ‘ஒப்பளிப்பு’ என்ற சொல் புழங்குகிறது. ‘நிதி ஒப்பளிப்பு செய்து ஆணையிடப்படுகிறது’ என்று அரசாணைகளில் பார்க்கலாம். நல்ல சொல், துல்லியமான சொல். ஆனால் பேப்பர் வாசகருக்கு அது பழக்கமில்லை. அரசாணையை மொழிபெயர்த்தால் ஒப்பளிப்பு என்றே போடுங்கள், செய்தி எழுதினால் ‘நிதி ஒதுக்க ஒப்புதல்’ என்று போடுங்கள். பொதுப்பணியில் நிர்வாக ஒப்புதல் வேறு, தொழில்நுட்ப ஒப்புதல் வேறு. பாலம் கட்டலாம் என்பது முதலாவது. இந்த மதிப்பீடும் வடிவமைப்பும் சரி என்று பொறியாளர் கையெழுத்திடுவது இரண்டாவது. இரண்டையும் ‘அனுமதி’ என்று ஒரே உருண்டையாக உருட்டிவிட்டால், ‘பாலத்துக்கு மறுபடியும் அனுமதி’ என்று அடுத்த மாதம் அசட்டுத்தனமாக ஒரு செய்தி வரும்.

கடன் விஷயத்தில் கவனம் அதிகம் வேண்டும். கடன் சாங்ஷன் ஆவது வேறு, பணம் கைக்கு வருவது வேறு. வங்கி தரும் சாங்ஷன் கடிதத்தில் இவ்வளவு தொகை, இந்த வட்டி, இந்த நிபந்தனைகள், இத்தனை நாளுக்குள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்று இருக்கும். பத்திரம், சட்டக் கருத்து எல்லாம் சரிபார்த்த பிறகுதான் பணம் வரும். கட்டுகிற வீடு என்றால் அஸ்திவாரம், தளம் என்று கட்டம் கட்டமாக வரும். அதனால் சாங்ஷனை ‘கடன் வழங்கப்பட்டது’ என்று எழுதுவது தப்பு. ‘கடனுக்கு ஒப்புதல் கிடைத்தது’ என்று எழுதுங்கள். ‘வழங்கப்பட்டது’ என்பதைப் பணம் கைமாறும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் அண்ணன் பாயசம் சாப்பிட்டு இரண்டு மாதம் கழித்துத்தான் முதல் தவணைப் பணத்தைப் பார்த்தார்.

நீதிமன்றச் செய்தியில் ‘சாங்ஷன் ஃபார் ப்ராசிக்யூஷன்’ அடிக்கடி வரும். 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, அரசு ஊழியர் மீதான லஞ்ச வழக்கை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க உரிய அதிகாரியின் முன் அனுமதி வேண்டும் என்கிறது. பொதுவான குற்ற வழக்குகளில் இதே பாதுகாப்பு முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 197ஆம் பிரிவில் இருந்தது. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய சட்டத்தில் அது 218ஆம் பிரிவு. இதை ‘வழக்குத் தொடர அனுமதி’ என்று எழுதுவதே எல்லோருக்கும் புரியும். இசைவு என்றும் போடலாம். இங்கே ஒரு பொறி: ‘ஃபார்’ என்ற சொல்லை நம்பி அனுமதி என்று முடிவு கட்டாதீர்கள். ‘சாங்ஷன்ஸ் ஃபார் ஹியூமன் ரைட்ஸ் அப்யூசஸ்’ என்றால் மனித உரிமை மீறலுக்காக விதித்த தடை. ‘மனித உரிமை மீறலுக்கு அனுமதி’ என்று எழுதினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இனி தடைப் பக்கம். இங்கே தமிழிலேயே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. ‘தடை’ என்பது ‘பான்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் நாம் போடுகிற சொல். ‘அமெரிக்கா அந்த நிறுவனத்தைத் தடை செய்தது’ என்றால் நிறுவனத்தையே இழுத்து மூடிவிட்டார்கள் என்று வாசகர் நினைப்பார். நடப்பது அதுவல்ல. அமெரிக்க எல்லைக்குள் அந்த நிறுவனத்துக்கு இருக்கும் சொத்து முடங்கும், அமெரிக்கர்கள் அதோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளக் கூடாது. நிறுவனம் தன் ஊரில் கடை திறந்து உட்கார்ந்துதான் இருக்கும். அதனால் ‘நிறுவனத்தின் மீது பொருளாதாரத் தடை விதித்தது’ என்று எழுதுங்கள். ‘தடை செய்’ வேறு, ‘மீது தடை விதி’ வேறு.

அதேபோல எல்லாத் தடையும் பொருளாதாரத் தடை ஆகாது. ஓர் அமைச்சருக்கு விசா மறுத்தால் அது பயணத் தடை. ஆயுதம் விற்கக் கூடாது என்றால் ஆயுதத் தடை. 1998 மே 11, 13 தேதிகளில் பொக்ரானில் இந்தியா அணுகுண்டு சோதனை செய்ததும் அமெரிக்கா விதித்ததைப் பொருளாதாரத் தடை என்று எல்லாப் பத்திரிகையும் எழுதின. உதவித் தொகை, கடன், ராணுவத் தளவாட விற்பனை என்று பலதும் அதில் அடங்கியிருந்ததால் அது பொருத்தம்தான். மூலச் செய்தியில் எது முடக்கப்பட்டது என்று ஒரு வரி நிச்சயம் இருக்கும். அதைப் படித்துவிட்டுப் பெயர் வையுங்கள்.

எழுதி முடித்ததும் வேற்றுமை உருபைப் பாருங்கள். தமிழ் இதில் நமக்கு ஒரு சௌகரியம் செய்து தந்திருக்கிறது. அனுமதி என்றால் ‘க்கு’ வரும்: நிறுவனத்துக்கு அனுமதி. தடை என்றால் ‘மீது’ வைத்து எழுதலாம்: நிறுவனத்தின் மீது தடை. தலைப்பில் இடம் போதாமல் ‘நிறுவனத்துக்குத் தடை’ என்று சுருக்கலாம், ஆனால் பத்திக்குள் ‘மீது’ என்று எழுதும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். ‘மீது’ என்று எழுதிவிட்டு அடுத்து ‘அனுமதி’ என்று போடக் கை போகாது. எத்தனையோ இரவு எனக்கு இது வேலி போல நின்றிருக்கிறது.

இதே குணம் கொண்ட மற்ற சொற்கள்

குற்றச் செய்தி எழுதப் போனால் முதலில் சந்திப்பது ‘லாட்ஜ்’. பெயராக வந்தால் தங்கும் விடுதி. வினையாக வந்தால் புகார் கொடுப்பது, அதுவும் இல்லாவிட்டால் சிறையில் அடைப்பது. ‘லாட்ஜ்ட் இன் புழல் ப்ரிசன்’ என்பதைப் ‘புழல் சிறையில் தங்க வைக்கப்பட்டார்’ என்று எழுதிய பயிற்சி மாணவர் ஒருவர் இருந்தார். சிறைக்கே மரியாதை கூடிவிட்டது. அடுத்தது ‘ப்ரொட்யூஸ்’. பெயர் என்றால் விளைபொருள், ‘ஃபார்ம் ப்ரொட்யூஸ்’ என்று வேளாண் செய்தியில் வரும். வினை என்றால் உற்பத்தி செய்வது, போலீஸ் செய்தியில் நீதிபதி முன் ஆஜர்படுத்துவது. ‘கான்ட்ராக்ட்’ பெயரில் ஒப்பந்தம், வினையில் சுருங்குவது. ‘கான்ட்ராக்டட் டெங்கு’ என்றால் டெங்கு தொற்றியது, யாரும் கையெழுத்துப் போடவில்லை. ‘ரெஃப்யூஸ்’ வினையில் மறுப்பது, பெயரில் குப்பை.

இந்தச் சொற்களில் சிலவற்றுக்கு உச்சரிப்பே துப்புக் கொடுக்கும். முதல் அசையில் அழுத்திச் சொன்னால் பெயர், இரண்டாவதில் அழுத்தினால் வினை. ‘ரெக்கார்ட்’ என்றால் பதிவேடு, ‘ரிக்கார்ட்’ என்று பின்னால் அழுத்தினால் பதிவு செய். ‘ஆப்ஜெக்ட்’ பொருள், ‘அப்ஜெக்ட்’ ஆட்சேபி. பேட்டியைக் கேட்டு எழுதுகிறவர்கள் இந்தக் காதை வளர்த்துக்கொள்ள வேண்டும். ஏஜென்சி காப்பியைக் கண்ணால் படிக்கிறவர்களுக்கு இதனால் லாபமில்லை. சாங்ஷனுக்கோ பெயரிலும் வினையிலும் ஒரே உச்சரிப்பு, காதும் கைவிட்டுவிடும்.

‘டேபிள்’ தனி ரகம். பெயராக வந்தால் மேசை, அட்டவணை. வினையாக வந்தால் எந்த நாட்டுச் செய்தி என்று பார்க்க வேண்டும். பிரிட்டனிலும் இந்தியாவிலும் அவையில் தாக்கல் செய்வது. அமெரிக்காவில் அதற்கு நேரெதிர், விவாதிக்காமல் கிடப்பில் போடுவது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் தளபதிகள் ஓர் அறிக்கையை ‘டேபிள்’ செய்ய வேண்டும் என்று கேட்க, கூடவே கூடாது என்று அமெரிக்கத் தளபதிகள் மல்லுக்கு நிற்க, வெகு நேரம் கழித்துத்தான் இருவரும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள் என்று தெரிந்ததாம். சர்ச்சில் தன் போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார். ஆங்கிலமே பேசுகிறவர்களுக்கு இந்த நிலை என்றால் என் இரண்டாவது வாரத்தை மன்னித்துவிடலாம் என்று தோன்றும்.

எதுவும் காட்டிக்கொடுக்காத வாக்கியம் வந்தால்

இத்தனையும் செய்த பிறகும் சில வாக்கியங்கள் பிடி கொடுக்காது. ‘மா வீழ்ந்தது’ என்றால் மரமா, குதிரையா? இரண்டும் விழும். இப்படி வினையும் உதவாத இடத்தில் சொல்கிறவர்தான் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று அதே இலக்கணம் கையை விரித்துவிடுகிறது.

எனக்கு அப்படி ஒன்று வந்தது. ஒரு விளையாட்டு வாரியம் தன் பயிற்சியாளரின் நடத்தையைச் ‘சாங்ஷன்’ செய்ததாக ஒற்றை வரி. நடத்தை என்பது ஆளும் இல்லை, கடன் மாதிரி காரியமும் இல்லை. நடத்தையை ஏற்றுக்கொள்ளவும் செய்யலாம், தண்டிக்கவும் செய்யலாம். வாரியம் எந்தப் பக்கமும் சாயக்கூடிய வாரியம். பக்கம் முடிக்க நாற்பது நிமிடம்தான் இருந்தது. ‘நடவடிக்கை’ என்று போட்டுத் தப்பித்துவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. அது பாதித் தப்பு, ஏனென்றால் நடவடிக்கை என்றாலே தண்டனை என்றுதான் வாசகர் படிப்பார்.

செய்தி கொடுத்த நிருபருக்கே போன் போட்டேன். எடுத்ததும் சுற்றி வளைக்காமல் கேட்டேன்: “தம்பி, அவரைத் திட்டியிருக்காங்களா, தட்டிக்கொடுத்திருக்காங்களா?”

“தட்டிக்கொடுத்திருக்காங்க சார். அவர் செஞ்சது சரிதான்னு தீர்மானமே போட்டிருக்காங்க.”

‘பயிற்சியாளரின் செயலுக்கு வாரியம் ஒப்புதல்’ என்று தலைப்பு வைத்தேன். இடம் மிச்சம் இருந்தது, ‘தீர்மானம் நிறைவேற்றியது’ என்று இன்னொரு வரியும் சேர்த்தேன்.